ஒரே அச்சில் உதித்த படகுகள்

மீன்பிடித் துறை ஒன்றின் கரையில் நின்று, இழுத்து ஏற்றப்பட்டிருக்கும் கண்ணாடியிழைப் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றுக்கு நீலம், மற்றொன்றுக்குச் சிவப்பு. ஒன்றின் நெற்றியில் தெய்வத்தின் பெயர், மற்றொன்றில் மகளின் பெயர். வெவ்வேறு படகுகள் என்றே கண் சொல்லும். ஆயின், குனிந்து அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தால் கை வேறு கதை கூறும். அவற்றுட் பல ஒரே அச்சில் வார்க்கப்பட்ட உடல்கள். மேலே இருப்பது அலங்காரம். கடலோடு பேசுவது கீழே இருக்கும் உடலே.

உலகெங்கும் விசைப்படகுகளின் வரலாறு பெரும்பாலும் இத்தகையதே. ஆண்டுதோறும் புதிய பெயர்களுடன் புதிய மாதிரிகள் சந்தைக்கு வருகின்றன. அவற்றின் அடியில் இருப்பதோ, கடலிற் சோதிக்கப்பட்டுத் தேறிய சில உடல்வடிவங்களின் வழித்தோன்றலே. அவ்வாறு தோன்றிய ஒரு குலத்தின் வரலாற்றையும், ஒரு வடிவம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கையும் இன்று நோக்குவோம்.

விரைந்து செல்லும் படகு நீரைக் கிழித்துச் செல்வதில்லை. ஒரு வேகத்தை அடைந்தபின் நீரின்மேல் எழுந்து வழுக்கிச் செல்கிறது. வழுக்குவதற்குத் தட்டையான அடி நல்லது. ஆதலால் முற்காலத்து விரைவுப் படகுகளின் அடி முன்புறத்தில் கூராக இருந்தாலும் பின்புறம் செல்லச் செல்லத் தட்டையாகிவிடும். அமைதியான ஏரியில் இதனாற் குறையொன்றுமில்லை. அலையெழும் கடலிலோ, ஒவ்வோர் அலையும் அத்தட்டையடியில் சம்மட்டிபோல் அறையும். பலகைகள் கழலும், பயணியின் முதுகெலும்பு நோகும். ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பதன்றி வேறு வழியில்லை.

இதற்கு மாற்றுக் கண்டவர் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தவரான றேமண்ட் ஹண்ட் என்பவர். 1908இற் பிறந்து 1978இல் மறைந்தவர். பாய்ப்படகுகளை வரைவதிலும் ஓட்டுவதிலும் புகழ் பெற்றவர். அவர் வகுத்த உடலின் அடி முன்னிருந்து பின்வரை ஆழ்ந்த கூராகவே சென்றது. பின்முனையிலும் ஏறத்தாழ 24 பாகைச் சாய்வு மாறாதிருந்தது. அடியின் இருபுறமும் நீளவாட்டில் மெல்லிய வரம்புகளை அமைத்தார். அவை நீர்த்திவலையைப் புறத்தே தள்ளின. படகை மேலே தூக்கவும் துணைசெய்தன. இக்கூரிய அடி அலையை அறையாது வெட்டி இறங்கியது. இதற்கு விலையும் உண்டு. இவ்வுடலை உந்த வலிமைமிக்க இயந்திரம் வேண்டும். நிற்கும்போது படகு பக்கவாட்டில் ஆடும். ஆயினும் கொந்தளிக்கும் கடலில் வேகம் குறையாமற் செல்லலாம் என்பது பெரும்பேறன்றோ?

1958ஆம் ஆண்டு நியூபோட் நகரின் கடலில் அமெரிக்கக் கிண்ணப் பாய்ப்படகுப் போட்டிக்கான தேர்வுகள் நடைபெற்றன. அங்கே பாய்ப்படகொன்றில் மாலுமியாக இருந்த றிச்சேட் பேர்ட்றம் என்பவர், ஹண்ட் வரைந்த சிறு விசைப்படகு ஒன்று கடுங்கடலில் தளராது விரைவதைக் கண்டு வியந்தார். மயாமியிற் படகு வணிகம் செய்த அவர், அவ்வடிவிலே ஏறத்தாழ 30 அடி நீளத்தில் மரப்படகொன்றை ஆக்குவித்தார். மனைவியின் செல்லப்பெயரான 'மொப்பி' என்பதை அதற்கு இட்டார். 1960இல் மயாமியிலிருந்து பஹாமாத் தீவுகளின் நாசோ நகருக்கு நடந்த போட்டியில் அப்படகு இறங்கியது. அன்று கடல் மிகச் சீற்றங்கொண்டிருந்தது. மொப்பி ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் முதலாவதாகக் கரைசேர்ந்தது. இரண்டாவதாக வந்ததும் ஹண்டின் வடிவில் அமைந்த சிறு படகே. மற்றையவற்றுள் எஞ்சியவை மறுநாளே வந்துசேர்ந்தன.

வெற்றிக்குப் பின் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு இன்றியமையாதது. பேர்ட்றம் அம்மரப்படகையே மூலமாகக் கொண்டு அதன் உடலினின்றும் கண்ணாடியிழை அச்சொன்றை எடுத்தார். அவ்வச்சில் வார்த்த 31 அடிப் படகு 1961இல் நியூயோர்க் படகுக் கண்காட்சியிற் காட்சிக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வுடல் வார்க்கப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட படகுகள் அதிற் பிறந்தன. மீன் பிடிப்போர்க்குத் திறந்த பின்தளம் கொண்ட ஒரு மாதிரி. குடும்பத்துடன் தங்கிச் செல்வோர்க்கு அறைகள் கொண்ட மற்றொன்று. உயரத்தில் நின்று ஓட்டுவோர்க்கு மேல்தளம் கொண்ட வேறொன்று. பெயர்கள் பல, உடல் ஒன்று.

அச்சு செய்வது பெருஞ்செலவு. ஆகவே ஒருமுறை செய்த அச்சிலிருந்து இயன்ற அளவு பயன்பெறப் படகு கட்டுவோர் விரும்புகின்றனர். தளத்தை மாற்றுவர், இயந்திரத்தை மாற்றுவர், அச்சின் பின்முனையை நீட்டி ஓரிரு அடி நீண்ட புதிய மாதிரியை ஆக்குவர். கடல் குறை கண்ட இடத்திற் சிறு திருத்தம் செய்வர். இவ்வாறே ஒரு வடிவம் தலைமுறை தலைமுறையாக வளர்கிறது. இங்கிலாந்தின் ஃபெயரி நிறுவனமும் ஹண்டின் வடிவைத் தழுவி 'ஹண்ட்றெஸ்' என்னும் 23 அடிப் படகைக் கட்டியது. அதைத் தொடர்ந்து அலன் பர்னாட் என்பவர் பெரிய உடல்களை வரைந்தார். ஒரு விதையினின்றும் பல கிளைகள் எழுந்தன.

நேயர்களே, விதையிட்டவர் பெற்றது என்ன? ஹண்ட் தம் வடிவுக்கு ஆக்கவுரிமை பெற முயன்றும் அது கைகூடவில்லை. விண்ணப்பத்துக்கு முன்னரே வடிவம் பகிரங்கமாகிவிட்டது. ஆழ்கூர் அடி உலகத்தார் அனைவருக்கும் பொதுவாயிற்று.

ஒரு கருத்தைக் கற்றுத் தாமே வரைவது ஒன்று. பிறர் படகையே எடுத்துப் படியெடுப்பது வேறொன்று. கண்ணாடியிழை இப்பின்னதை மிக எளிதாக்கியது. கடையில் வாங்கிய படகின் உடலில் பசை ஒட்டாத பூச்சைப் பூசி, மேலே கண்ணாடியிழையைப் படிய வைத்து, இறுகியபின் கழற்றினால் அச்சு ஆயத்தம். ஒருவர் மாதக்கணக்கிற் சிந்தித்தது மற்றொருவர்க்குச் சில நாளில் வசமாகிறது.

புளோரிடாவின் பொனிற்றோ என்னும் நிறுவனம் 1976இல் ஒரு படகை வெளியிட்டது. முதலில் வரைபடம், அதிலிருந்து வன்மர மாதிரி, அதன்மேல் அச்சு என முறையாக உழைத்தே அதனை ஆக்கியது; ஆனால் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. 1983இல் புளோரிடா மாநிலம் இவ்வாறு படகிலிருந்தே அச்செடுத்தலைத் தடைசெய்து சட்டமியற்றியது. அதனை நம்பிப் பொனிற்றோ, தெனசி மாநிலத்து நிறுவனமொன்றின்மீது வழக்குத் தொடர்ந்தது. 1989இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், நீதியரசர் சான்ட்றா டே ஓகொனர் எழுதிய தீர்ப்பில், ஒருமனதாக அம்மாநிலச் சட்டத்தைச் செல்லாதென்றது. ஆக்கவுரிமை பெறாது வெளியிடப்பட்ட வடிவம் மக்கட் பொது. அதற்கு வேலியிட ஒரு மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

படகு கட்டுவோர் அமெரிக்கக் காங்கிரசை நாடினர். 1998இல் படகுடல் வடிவங்களுக்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. வடிவை வெளியிட்டு இரண்டாண்டுக்குள் பதிவு செய்தால் பத்தாண்டுப் பாதுகாப்பு உண்டு. 2008இல் அது திருத்தப்பட்டு, உடல் வேறு, தளம் வேறு. இரண்டையும் தனித்தனியே காக்கலாம் என்பது தெளிவாக்கப்பட்டது. ஓருடலின்மேற் பல தளங்களை ஏற்றும் வழக்கத்தைச் சட்டமும் கண்டுகொண்டது. ஆயினும் எங்கும் வழங்கும் பொதுவடிவுக்கு அச்சட்டத்திற் காப்பில்லை. பிறர் வடிவைப் பாராது தாமே வரைந்தவர்மேற் குற்றமுமில்லை.

பாடசாலையிற் பல்லாண்டு கழித்த எனக்கு இத்தீர்வு பழக்கமானதாகவே தோன்றுகிறது. ஆசிரியர் விளக்கிய முறையைக் கற்றுக் கணக்குச் செய்யும் மாணவனை நாம் பாராட்டுகின்றோம். அயலவனின் விடைத்தாளைப் பார்த்தெழுதுபவனைக் கண்டிக்கின்றோம். முறை எல்லார்க்கும் பொது. உழைப்பு அவரவர்க்கு உரியது. நம் ஓடாவிமாரும் தந்தையின் கையைப் பார்த்தே வள்ளத்தின் வளைவைக் கற்றனர். அவர்களுள் எவரும் வெறுங்கையுடன் தொடங்கவில்லை, கற்றபடியே நின்றுவிடவுமில்லை.

அடுத்த முறை கரையிற் புதிய படகொன்றைக் காணும்போது, அதன் வண்ணத்தை மட்டும் பாராது சற்றுக் குனிந்து அடியையும் பாருங்கள். அங்கே பெயர் எழுதப்படாத ஒருவரின் உழைப்பு இருக்கும்.