விசைப்பலகை உள்ளீட்டுத் தாமதம் (லினக்சு)

விசைப்பலகை உள்ளீட்டுத் தாமதம் என்பது விசையை அழுத்துவதற்கும் அதற்குரிய எழுத்து திரையில் தோன்றுவதற்கும் இடைப்பட்ட காலம் ஆகும். நொடிக்கு 125 முறை வினவப்படும் யுஎஸ்பி விசைப்பலகையில் 8 மில்லிநொடி வரையும், 60 எர்ட்சுத் திரையில் ஏறத்தாழ 17 மில்லிநொடி வரையும் இயல்பாகவே கழியும். கண்ணுக்குத் தெரியும் தாமதத்திற்குக் காரணம் வேறு.

லினக்சில் விசைத் தகவல் முதலில் கருனியை அடைந்து, பின்னர் எக்ஸ் வழங்கி அல்லது வேலாண்டு வழியாகச் செயலிக்குச் செல்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தி, உரை முனையத்தில் தட்டச்சிட்டுப் பார்க்கலாம். அங்கு தாமதம் இல்லையெனில் பழுது பெரும்பாலும் வரைகலைச் சூழலிலேயே உள்ளது. அங்கும் தொடர்ந்து, சிறிது ஓய்வுக்குப் பின் வரும் முதல் எழுத்து மட்டும் பிந்தினால் அல்லது விடுபட்டால், யுஎஸ்பி மின்சேமிப்பை ஐயுறலாம். அச்சாதனத்திற்கு மட்டும் அதனை நிறுத்துவது போதுமானது.

பலர் எண்ணிப் பாராத காரணம் 'மெதுவிசைகள்' என்னும் அணுகல் வசதி ஆகும். கைநடுக்கம் உடையோருக்குப் பயன்படும் இவ்வசதி, சற்று நேரம் அழுத்திப் பிடித்த விசையை மட்டுமே ஏற்கும். அணுகல் வசதிகளை விசைப்பலகையாலேயே இயக்க இசைவு தரப்பட்டிருந்தால், சிஃப்ட் விசையை 8 நொடிகள் பிடித்திருந்தாலே இது தொடங்கிவிடும். அறியாதோர் நல்ல விசைப்பலகையைப் பழுதென்று ஒதுக்கிவிடக்கூடும். மீண்டும் 8 நொடிகள் பிடித்தால் நின்றுவிடும்.

ஐபஸ் வழியாகத் தமிழ்99 முறையில் எழுதுவோர், ஐபசை நிறுத்தியதும் தாமதம் மறைகிறதா எனவும் பார்த்தல் வேண்டும்.