லயத்துப் பூனையின் நீர்க்கடுப்பு

மலையகத்துப் பூனையின் கதையை எலியிலிருந்துதான் தொடங்கவேண்டும். 1861-இல் வெளிவந்த எமர்சன் டெனன்டின் இலங்கை விலங்குகள் பற்றிய நூலில் கோப்பி எலி வருகிறது. குறிஞ்சி இனத்து நெலுச் செடியின் விதை காட்டில் தீர்ந்துபோனால் இந்த எலிகள் கூட்டங்கூட்டமாகக் கோப்பித் தோட்டத்துக்குள் இறங்கும். மொட்டுக்கும் பூவுக்கும் ஆசைப்பட்டு இளங்கிளைகளை நறுக்கித் தள்ளும். ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் ஆயிரம் எலி வரை கொன்றார்கள் என்கிறார் டெனன்ட்.

1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை ஒழித்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் நட்ட தேயிலை மலைகளை மூடியது. ஆனால் எலிக்கு இரை குறையவில்லை. கடல் தாண்டி வந்த அரிசியைத் தோட்ட நிர்வாகம் தொழிலாளர் பெயரில் பற்றெழுதிக் கொடுத்தது. தொழிலாளர் குடியிருந்த பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் அரிசிச் சாக்கு, விறகு, அடுப்பு, பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக. அங்கே பூனைக்குச் சம்பளமில்லாத வேலை நிரந்தரம்.

அந்த வேலையில் பூனைக்கே தெரியாமல் நீர்க்கடுப்புக்கு ஒரு வைத்தியமும் இருந்தது. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வாரிசு அது. தாகம் குறைவு, சிறுநீர் அடர்த்தி. எலியின் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இரையைத் தின்றாலே நீரும் உள்ளே போய்விடும். பாக்கெட்டில் வரும் உலர்தீனியில் ஈரம் பத்து விழுக்காடு அளவே.

மேலை நாடுகளில் பூனையின் நீர்க்கடுப்பு பெரிய நோயாகப் பேசப்பட்டது, பூனை வீட்டுக்குள் அடைபட்ட பிறகுதான். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவர் களிமண் துகளைப் பூனைக் கழிப்புக்கு விற்கத் தொடங்கினார். பூனை வெளியே போகவேண்டிய அவசியம் குறைந்தது. 1970-களில் டென்மார்க்கின் ஆய்வாளர் வில்லபெர்க் கணக்கெடுத்துப் பார்த்தபோது, காயடிக்கப்பட்டு, உடல் பெருத்து, உலர்தீனி தின்று சோம்பிக் கிடந்த கடுவன்களே அதிகம் அகப்பட்டன. முதலில் பழி தீனியிலிருந்த மக்னீசியத்தின் மேல் விழுந்தது. தீனிக் கம்பனிகள் அதைக் குறைத்து, சிறுநீரில் அமிலத்தன்மை கூடும்படி தீனியை மாற்றின. சிறுநீரில் படியும் ஸ்ட்ருவைட் கல் குறைந்தது. கால்சியம் ஆக்சலேட் கல் ஏறியது. ஒரு கல்லை விரட்டி இன்னொரு கல்லை அழைத்து வந்த கதை! நோயுற்ற இளம் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. மன அழுத்தம் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்குகிறது என்று ஒஹாயோவின் ஆய்வாளர் டோனி பஃபிங்டன் போன்றோர் பிறகு நிறுவினார்கள்.

மலையகத்துக்கு இதில் நெருக்கமானது 1997-இல் நியூசிலாந்தில் வந்த ஆய்வு. நோய் கண்டதற்கு முந்திய மாதத்தில் மழைநாள் கூடியிருந்ததும், அண்மையில் வீடு மாறியிருந்ததும் ஆபத்துக் காரணிகளாக அதில் தெரிந்தன. தென்மேற்குப் பருவமழையில் ஹட்டனும் மஸ்கெலியாவும் நாட்கணக்கில் நனைகின்றன. பூனை இஸ்தோப்பை விட்டு இறங்காது, அடக்கி வைத்துக்கொள்ளும். வீடு மாறுவதும் இப்போது நடக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் போவது மனிதர்களுக்கு நெடுங்காலக் கனவு. பூனைக்கு அது அந்நிய மண்.

முன்பு லயத்துப் பூனைகளுக்கு இந்நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நீரடைத்த கடுவன் தேயிலைச் செடிக்குள் ஒதுங்கிச் செத்தால் யார் கண்டது? தோட்ட டிஸ்பென்சரி மனிதருக்கு. அரசாங்கக் கால்நடை வைத்தியரின் நேரம் பெரும்பாலும் பால்மாட்டுக்கு.

அடையாளம் தெரிந்தால் பிழைக்க வழியுண்டு. பூனை அடிக்கடி குந்தும், முக்கும், அனத்தும், குறியை நக்கிக்கொண்டே இருக்கும்; சொட்டுச் சொட்டாக வரும், சிலவேளை இரத்தமும் கலந்து. கடுவனின் நீர்க்குழாய் நுனியில் மிகக் குறுகலானது என்பதால் முழு அடைப்பு பெரும்பாலும் அதற்கே வருகிறது. அடைத்துவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். வலிக்குப் பனடோல் கொடுப்பது அதைவிடக் கொடுமை: ஒரே குளிசை பூனையைக் கொல்லக்கூடும். மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை எடுக்கவேண்டும், ஊசிவழி நீர் ஏற்றவேண்டும். கால்நடை மருத்துவப் பட்டம் தரும் நாட்டின் ஒரே பீடம் பேராதனையில், மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு அன்றைக்கே பூனையைக் கொண்டுபோக, பஸ்ஸுக்குக் காசும் ஒரு நாள் பேரை (நாட்கூலியை) விடத் துணிவும் வேண்டும்.