கருதாக் கொலையும் நந்தா விளக்கும்

மக்கள் தம்முள் எழும் பூசல் சில வேளைகளில் எவரும் எண்ணாத வகையில் உயிரிழப்பில் முடிவதுண்டு. கைகலப்பில் தள்ளுண்டவன் தலைமோதி இறப்பான். சினத்தில் ஓங்கிய கோல் உயிர்நிலையிற் பட்டுவிடும். அடித்தவனுக்குக் கொல்லும் கருத்தில்லை. ஆயினும் ஓருயிர் நீங்கிற்று. கருத்தை நோக்கி ஒறுப்பதா, விளைவை நோக்கி ஒறுப்பதா என்பது எல்லாக் காலத்து மன்றங்களையும் வருத்திய வினாவாகும். சோழர்காலத் தமிழகம் இதற்களித்த விடையையும், அவ்விடை பற்றி நிலவும் ஒரு கருத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

சோழர்காலக் கல்வெட்டுகளுள் சில, வேட்டையிற் குறி தவறியோ பூசலில் அடிபட்டோ ஒருவர் இறந்த செய்தியைக் கூறுகின்றன. ஊராரும் நாட்டாரும் கூடி ஆராய்ந்து, இறப்பு கருதிச் செய்யப்பட்டதன்று எனக் கண்டு, செய்தவன் உயிரைப் போக்காது, இறந்தவர் பொருட்டுக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்குமாறு விதித்தனர். பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் இத்தகைய வழக்குகளை எடுத்துக்காட்டியுள்ளார்.

இவற்றைக் கொண்டு, சோழர்காலத் தண்டமுறை மிக மென்மையானது என்று கூறுவாருளர். அக்கூற்று பொருந்துமாறில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, விளக்கு எளிய தண்டமன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளின்படி, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து ஒரு விளக்கு எரித்தற்கு 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ முதலாக வைக்கப்பட்டன. இவை சாவா மூவாப் பேராடுகள். அஃதாவது, இறப்பனவற்றிற்கு ஈடாகக் குட்டிகள் நிரம்பித் தொகை என்றும் குறையாது நிற்றல் வேண்டும். ஒரு மந்தையையே கொடுத்தல் சிறுகுடியினன் ஒருவனுக்கு வாழ்முதலையே இழப்பதாகும். செல்வனுக்கோ அஃது அத்துணை வருத்தந் தராது. ஒரே தண்டம் இருவர்மாட்டும் ஒரே சுமையாக அமையவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது, இக்கொடையாணை தண்டமுறை முழுவதையும் காட்டுவதன்று. சீன ஆசிரியர் சௌ ஜூ-குவா 1225-இல் எழுதிய நூலில், சோழ நாட்டிற் சிறு குற்றத்திற்கு மரச்சட்டத்திற் பிணித்து 50 முதல் 100 வரை அடிகளும், பெருங்குற்றத்திற்குத் தலை கொய்தலும் யானைக்காலில் இடுதலும் உண்டெனக் குறிக்கின்றார். ஆகவே விளக்குத் தண்டம் பொதுவான இரக்கத்தின் விளைவன்று. கருதிய கொலையினின்று கருதாக் கொலையைப் பிரித்தறிந்த தெளிவின் விளைவேயாகும்.

மூன்றாவது காரணமே தலையாயது. கோயிற் சுவரில் பெரும்பாலும் வழக்குகள் பொறிக்கப்படவில்லை, கொடைகளே பொறிக்கப்பட்டன. விளக்கில் முடிந்த வழக்கே பெரிதும் கல்லில் ஏறிற்று. பிறவாறு முடிந்தவை ஏறற்கு வாயில் அரிது. எஞ்சிய சான்று ஒருபாற் சார்ந்தது என்பதை மறந்து, அதனையே நாட்டு வழக்கு முழுவதும் எனக் கொள்ளுதல் ஆராய்ச்சி நெறிக்கு இழுக்காகும்.

இனிப் பிற்காலத்தை நோக்குவோம். 1860-இல் இயற்றப்பெற்று 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், செய்தவனது கருத்தையும் அறிவையும் நுணுகி வகுத்தது. முன்னெண்ணமின்றித் திடீர்ப் பூசலிற் சினவேகத்தால் நிகழ்ந்து, முறையற்ற வாய்ப்பையோ கொடுமையையோ கொள்ளாத செயலைக் கொலைக்குற்றத்தினின்று 300-ஆம் பிரிவின் நான்காம் விதிவிலக்கு நீக்கிற்று. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவும் இதனைப் போற்றுகின்றது.

கருத்தையே அளவாகக் கொள்ளும் இந்நெறி எத்துணைத் தொலைவு செல்லும் என்பதனை 1919-இல் சென்னை உயர்நீதிமன்ற முழு ஆயம் தீர்த்த வழக்கொன்றால் அறியலாம். கணவன் மனைவியைக் கலப்பைக் கொழுவால் தலையிலடித்தான். நினைவிழந்தவளை இறந்தாளெனக் கருதித் தற்கொலைபோலத் தோன்ற உத்தரத்தில் தூக்கிட்டான். அத்தூக்கே அவள் உயிரைப் போக்கிற்று. பிணமெனக் கருதியதைத் தூக்கியவனிடம் உயிரைப் போக்கும் கருத்து இல்லையெனக் கொண்ட மன்றம், கொலைக்குற்றமும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமும் அவன்மேற் சாரா எனத் தீர்த்தது. முதலடி பற்றிய கொடுங்காயக் குற்றமே எஞ்சிற்று.

இரு முறைகளும் கருத்தின்மையை மதித்தன. ஆயினும், புதுச் சட்டம் செய்தவன் உள்ளத்தையே உசாவிற்று. பழைய மன்றமோ உசாவியபின் இறந்தவர்க்கென ஓர் ஒளியையும் நிறுத்திற்று. எனினும் அவ்வொளியின் முதல் கோயிலைச் சார்ந்ததேயன்றி, இறந்தவரின் மனைவி மக்களைச் சார்ந்ததன்று. அவர்தம் துயருக்கு ஈடு செய்தற்கு, 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஆம் பிரிவும், 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 357அ பிரிவும் வழிகோலின.

கருதாக் கொலை பற்றிய கல்வெட்டுகளைப் பயில்வார், செய்தவன் பிழைத்தான் என்பதோடு அமையாது, இறந்தவர் குடிக்கு யாது கிடைத்தது என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு அவ்விளக்குக் கல்வெட்டுகள் விடை பகரவில்லை. அவை விடை பகராமையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கதே.