புலம்பல் என்றால் என்ன? புகாருக்கும் புலம்பலுக்கும் என்ன வித்தியாசம்?

‘எப்பப் பாத்தாலும் புலம்பிட்டே இருக்காரு’ என்று யாரையாவது சொல்லாத வீடு கிடையாது. ஆனால் இந்தச் சொல்லின் பழைய பொருள் வேறு.

முதலில் என்ன பொருள்?

தொல்காப்பியத்தின் உரியியல், ‘புலம்பு’ என்ற சொல்லுக்குத் தரும் பொருள் தனிமை. துணை இல்லாமல் தவிப்பவர் வாய்விட்டு வருந்துவது புலம்பல் ஆனது. பிறகு ஓயாமல் குறை சொல்வதற்கும் அதே பெயர் வந்துவிட்டது.

பக்தியிலும் புலம்பலா?

ஆமாம். மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் ‘திருப்புலம்பல்’ என்றே ஒரு பகுதி உண்டு. அவர் திருவெம்பாவை பாடிய தலமாகச் சொல்லப்படுவது திருவண்ணாமலை. 1896-ல் இதே ஊருக்கு வந்த ரமண மகரிஷி, 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலையில் அருணாசலரிடம் உரிமையோடு கெஞ்சுகிறார், கேள்வியும் கேட்கிறார். 14 கி.மீ. கிரிவலப் பாதையில் மனக்குறையைச் சொல்லிக்கொண்டே நடப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

‘புகார்’ தமிழ்ச் சொல்லா?

காவிரிப்பூம்பட்டினத்தைக் குறிக்கும் புகார் தமிழ். போலீசில் கொடுக்கும் புகார், ‘கூவி அழைத்தல்’ என்ற பொருளுள்ள உருதுச் சொல்லில் இருந்து வந்தது. கிராமங்களில் சொல்லும் ‘பிராது’, பாரசீக ‘ஃபரியாத்’தின் தமிழ் வடிவம்.

வேறு மொழிகளில்?

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியில் ஓயாமல் குறைபடுவதற்கு ‘க்வெட்ச்’ என்று பெயர். நேர்ப்பொருள், பிழிவது, அழுத்துவது. அங்கே அழுத்தம், இங்கே தனிமை.

வித்தியாசம் என்ன?

புலம்பலைக் கேட்க ஆள் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. புகாருக்குக் கேட்பவர் வேண்டும், பதிலும் வேண்டும். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களைப் போலவே திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்திலும் திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர்வு கூட்டம் நடக்கும். மழையில் ஒழுகும் வீட்டைப் பற்றி மூன்று வருஷமாகப் பக்கத்து வீட்டில் சொன்னால் அது புலம்பல். அதையே பெயர், முகவரி, கோரிக்கையோடு எழுதிக் கொடுத்தால் மனு. கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதனால் அடுத்த முறை யாராவது புலம்பினால், ‘சும்மா இரு’ என்பதற்கு முன், அவர் சொல்வதைக் கேட்க இதுவரை ஆள் இருந்ததா என்று பார்க்கலாம்.