கூனன் கேட்ட பிச்சை

1847-ஆம் ஆண்டு ஃப்ளாரன்ஸ் நகரில் ‘மக்பெத்’ இசை நாடகம் அரங்கேறிய வரலாற்றைச் சென்ற இதழில் கண்டோம். அந்த நாடகத்திற்கான ஒத்திகைகளில் ஒரே ஒரு யுகள கீதத்தை 150 தடவைக்கு மேல் பாட நேர்ந்ததென்று, அதில் மக்பெத்தின் மனைவியாக நடித்த பார்பியெரி-நீனி அம்மையார் தமது நினைவுகளில் குறிப்பிட்டிருக்கிறார். பாட்டாக ஒலிக்காமல் பேச்சாகவே அது செவியில் விழவேண்டும் என்பது அதற்கு இசையமைத்த ஜியுசெப்பே வெர்டியின் பிடிவாதம். அவ்வம்மையாருடன் அத்தனை தடவையும் சலியாது பாடிய ஃபெலிச்சே வரேசி என்னும் பாரிடோன் பாடகர், நான்கு ஆண்டுகள் கழித்து, வெனிஸ் நகரத்து லா ஃபெனிச்சே அரங்கில் ஒரு கூனனின் வேஷத்தில் வந்து நின்ற இரவே இவ்வாரம் நம் விஷயம்.

ஆண் குரலை மேனாட்டு இசைவாணர் பெரும்பாலும் மூன்றாக வகுப்பர். தார ஸ்தாயியில் சஞ்சரிக்கும் டெனர், காதலனுக்கும் வீரனுக்கும் உரியது. மந்தர ஸ்தாயியில் முழங்கும் பாஸ், மன்னருக்கும் மடாதிபதிகளுக்கும் உரியது. இரண்டிற்கும் இடைப்பட்ட பாரிடோனோ, வீட்டிலும் வீதியிலும் நாம் பேசிப் பழகிய குரலுக்கு மிகவும் அண்மையில் நிற்பது. இக்காரணத்தாலேயே போலும், காதலனின் போட்டியாளனாகவோ கண்டிப்பான தந்தையாகவோ நெடுங்காலம் ஒதுங்கி நின்ற இந்தக் குரலை, நாடகத்தின் ஹிருதய ஸ்தானத்தில் கொண்டுவந்து அமர்த்தியது வெர்டியின் மகத்தான சாதனைகளுள் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

அரசவை விதூஷகனாகிய அக்கூனனைப் பற்றிப் பிரெஞ்சு மகாகவி விக்தர் ஹ்யூகோ எழுதிய மூலநாடகம், 1832 நவம்பர் 22 அன்று பாரிஸில் ஒரே ஓர் இரவு நடிக்கப்பெற்று, மன்னனைக் காமுகனாகச் சித்திரித்ததென்ற காரணத்தால் மறுநாளே தடை செய்யப்பட்டது. 1848-இல் எழுந்த புரட்சியை அடக்கி வெனிஸை மீண்டும் கைப்பற்றியிருந்த ஆஸ்திரிய அதிகாரிகள், அதே கதை தங்கள் நகரத்து மேடையில் ஏறுவதைச் சகிப்பார்களா? 1850 டிசம்பரில் தடையுத்தரவு வந்தது. வெர்டிக்காகப் பாடல்களை எழுதிய கவிஞர் பியாவே அஞ்சி ஒடுங்கி, மன்னனின் துர்நடத்தையையும் விதூஷகனின் கூனையும் நீக்கி ஒரு திருத்தப் பிரதியைத் தயாரித்தார். அப்போது வெர்டி அரங்கத்தின் தலைவருக்கு எழுதிய கடிதம் இசை நாடக வரலாற்றில் ஒரு சாஸனத்திற்கு ஒப்பானது. புறத்தே விகாரமும் பரிகாசத்திற்குரிய தோற்றமும், அகத்தே பொங்கும் அன்பும் உடைய ஒருவனைச் சித்திரிப்பதே தமக்கு அழகாகப் பட்டதென்றும், அதற்காகவே இக்கதையைத் தேர்ந்தெடுத்ததாகவும், அக்குணங்களைப் பறித்துவிட்டால் தம்மால் இசையமைக்க இயலாதென்றும் அவர் திட்டவட்டமாகத் தெரிவித்தார். முடிவில் பிரெஞ்சு மன்னன், வமிசம் அற்றுப்போன மாண்டுவா சிற்றரசின் பிரபுவாக மாறினான். கூன் மட்டும் தப்பியது.

1851 மார்ச் 11 அன்று ‘ரிகொலெட்டோ’ அரங்கேறிற்று. கம்பீரமான பாத்திரங்களில் புகழ் பெற்றிருந்த வரேசி, முதுகில் கூனைக் கட்டிக்கொண்டு வர நாணித் திரைமறைவில் தயங்கி நிற்க, வெர்டி அவரைப் பின்னிருந்து தள்ளிவிட்டதாகவும், தடுமாறி மேடைக்குள் விழுந்தவரைக் கண்ட சபையோர் அதையே அபூர்வமான நடிப்பென்று கொண்டாடியதாகவும், வரேசியின் புதல்வி பிற்காலத்தில் கூறியதாக ஒரு செய்தி உண்டு.

கதையைச் சுருங்கச் சொல்வேன். மாண்டுவா பிரபுவின் அரசவையில் கோமாளியாக ஊழியம் புரியும் ரிகொலெட்டோ, தன் எஜமானனால் மகளின் மானத்தை இழந்த மொன்டெரோனே என்னும் முதியவரை எள்ளி நகையாடி, அவருடைய சாபத்திற்கு இலக்காகிறான். அவனுக்கும் ஒரு மகள் இருக்கிறாள்; ஜில்டா என்னும் அவளை உலகத்தின் கண் படாமல் வளர்த்து வருகிறான். அவனைப் பழிவாங்கக் காத்திருந்த அரசவைப் பிரபுக்கள், அவளை அவனுடைய ஆசைநாயகி என்று எண்ணி, அவனையே கண்ணைக் கட்டி ஏணி பிடிக்கச் செய்து, கவர்ந்து சென்றுவிடுகிறார்கள்.

இரண்டாம் அங்கத்தில் அவன் மகளைத் தேடிக்கொண்டு அரண்மனைக்குள் வருகிறான். வேதனையை வெளிக்காட்டலாகாது, ஆகவே அர்த்தமற்ற அசைகளை முணுமுணுத்துப் பாடியபடி, மேஜையிலும் மூலையிலும் கண்ணை ஓட்டிக்கொண்டு, விகடம் செய்கிறவனைப் போல நடமாடுகிறான். அந்த முணுமுணுப்பின் நடுநடுவே வெர்டி வைத்திருக்கும் சிறு மௌனங்களில்தான் சோகரசம் அங்குரிக்கிறது. பிரபுவைக் காண ஒரு பணியாள் வர, அவனுக்குப் பிரபுக்கள் மழுப்பலாக விடை கூற, மகள் அடுத்த அறையில் இருக்கிறாள் என்பதை அத்தந்தை கணத்தில் உணர்ந்துகொள்கிறான். தன் மகளைத் தரும்படி அவன் அலறிய பின்னரே, அவள் அவனுடைய புதல்வி என்பது அந்தக் கூட்டத்திற்குத் தெரியவருகிறது.

தொடர்ந்து வரும் பாடலில் வெர்டி செய்த புதுமையைச் சற்று நின்று நோக்கவேண்டும். அக்காலத்து இத்தாலிய மரபின்படி, தனிப்பாடல் விளம்பமாகத் தொடங்கித் துரிதத்தில் முடிந்து கரகோஷத்தை வாங்கிச் செல்லும். வெர்டி அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினார். வயலின்கள் கொந்தளித்துச் சுழல, ரௌத்திரத்தின் உச்சியில் பாடல் எழும்புகிறது, அந்த ஆவேசத்தோடு கூனன் கதவை நோக்கிப் பாய, பிரபுக்கள் வழி மறிக்கிறார்கள், பலம் அற்றுப்போய், மருல்லோ என்பவன் சற்று நல்லவன் என்று நம்பி அவனைத் தனியே விளித்து அழுகிறான், அதற்கும் மறுமொழியில்லை. இறுதியில் சற்றுமுன் சபித்த அதே மனிதர்களை வணங்கி, மன்னிப்புக் கேட்டு, ஒரு கிழவனுக்கு அவன் மகளைத் திருப்பித் தருமாறு பிச்சை கேட்கிறான். சோகத்துக்குரியதென்று பலரும் கருதும் மைனர் சுர அமைப்பிலிருந்து பாட்டு மேஜருக்கு மாறுவது இந்த இடத்தில்தான்! தனித்த செல்லோவொன்று கீழே அலையலையாய் ஓட, ஓபோ இனத்தைச் சேர்ந்த இங்கிலீஷ் ஹார்னின் தழுதழுத்த நாதம் உடன் வர, குரல் மட்டும் கெஞ்சுகிறது. சூழ நிற்கும் பிரபுக்களுக்கு வெர்டி ஒரு சுரம்கூடக் கொடுக்கவில்லை.

1838-க்கும் 1840-க்கும் இடையே, இரண்டு வயதும் நிரம்பாத புதல்வியையும் புதல்வனையும், அவர்களைத் தொடர்ந்து மனைவியையும் மண்ணுக்குக் கொடுத்தவர் வெர்டி. ரிகொலெட்டோவின் புலம்பலை அந்தத் துயரத்தின் பிரதிபிம்பம் என்று சாதிப்பது மிகையாகும். ஆயினும் தந்தை மகளை இழக்கும் காட்சி வரும்போதெல்லாம் அவருடைய இசை எய்தும் ஆழத்தைக் கேட்பவர், இதை முற்றிலும் மறந்திருத்தல் அரிது.

இப்பாடலில் பெருங்குரல் படைத்த பாடகர்களில் பலர் முதற்பகுதியை வென்று, கடைப்பகுதியில் தோற்கிறார்கள். கோபத்திற்குக் கண்டத்தின் வலிமை உதவும். யாசகத்திற்கோ அந்த வலிமையைக் கீழே வைக்கத் தெரியவேண்டும். 1913-இல் பிறந்து, பதுவா சர்வகலாசாலையில் சட்டம் பயின்று, ஜியூலியோ கிரிமியிடம் பாட்டுக் கற்ற டீட்டோ கொப்பி அதை அறிந்தவர். 1955-இல் மிலானின் லா ஸ்கலா அரங்கக் குழுவினருடன், துல்லியோ செராஃபின் இசைக்குழுவை நடத்த, மரியா காலஸ் ஜில்டாவாகப் பாட, அவர் பதிவு செய்த ‘ரிகொலெட்டோ’ இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அவரிலும் பெரிய, அவரிலும் இனிய சாரீரங்கள் அந்த நூற்றாண்டில் இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், வசைமொழியில் எஃகெனத் தெறித்த அக்குரல், யாசிக்கும் அடிகளில் நிறம் மாறி, விளிம்பு மழுங்கி, சுரத்தைவிட்டு இம்மியும் விலகாமலே அழுகையின் அருகே சென்று நிற்பதை வேறெவரிடத்தும் நான் அவ்வளவு பூரணமாகக் கேட்டதில்லை. விம்மலைத் தனியே சேர்த்துச் சபையோரை உருக்கும் உபாயத்தை அவர் பெரிதும் நாடவில்லை. வார்த்தையின் மெய்யெழுத்துகளே அவருக்கு விம்மலாகின்றன. இரண்டாம் அங்கத்தின் முடிவில் தந்தையும் மகளும் பாடும் யுகள கீதத்தில், காலஸின் குரல் தயங்கித் தன் அவமானத்தைச் சொல்ல, அதற்கு ஆறுதலாகக் கொப்பியின் குரல் விரிந்து அவளை அணைத்துக்கொள்ளும் இடம், பாரிடோன் என்னும் குரலின் முழு மேன்மைக்கும் சாட்சியாக நிற்கிறது.

கடைசி அங்கத்தை விவரிக்க இங்கு இடம் போதாது. மூட்டையில் கிடப்பது, தான் பழிவாங்கக் கொல்வித்த எஜமானனின் பிணமென்று களிக்கும் கூனனின் காதில், அந்த எஜமானனின் உல்லாசப் பாட்டுத் தொலைவிலிருந்து விழ, மூட்டையை அவிழ்த்தால் உயிர் பிரியும் தறுவாயில் மகள் கிடக்கிறாள் என்பது பலரும் அறிந்ததே.

‘ரிகொலெட்டோ’ அரங்கேறிய அவ்விரவே வெனிஸ் நகரம் வெர்டிக்கு வசப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1853 மார்ச் 6 அன்று, அதே அரங்கில், மற்றொரு தந்தையின் வேஷத்தில் வரேசி மீண்டும் தோன்றினார். ‘லா ட்ராவியாட்டா’ என்னும் அந்த நாடகம் முதல் இரவில் தோல்வியுற்றது. அதன் காரணங்களையும், அதில் வரேசிக்கு இருந்த பங்கையும் அடுத்த இதழில் ஆராய்வோம்.