பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

உலா இலக்கியம் பயின்றோர் ஏழு பருவப் பெண்டிரை அறிவர்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் இவர்களுக்கு வயதெல்லையும் வகுத்தன. நூலுக்கு நூல் கணக்கு சற்று வேறுபடினும், பேதைக்கு 5 எனத் தொடங்கிப் பேரிளம்பெண்ணுக்கு 40 என முடிப்பதே பரவலாக அறியப்பட்ட வரையறை. நாற்பத்தோராம் வயதில் அவள் என்ன ஆனாள்? தலைவன் வீதியில் உலா வந்தபோது அவளும் ஏதோ ஒரு திண்ணையில் அமர்ந்திருப்பாள். புலவரின் பார்வை அப்பக்கம் திரும்பவில்லை.

முதுபெண்டிரைத் தமிழ் அடியோடு மறந்ததென்று சொல்லிவிட முடியாது. முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்கச் செல்பவர்கள் அவர்களே. புறநானூற்றில் மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களும் அவர்களே. ஆனால் அவர்கள் அன்னையராகவும் நிமித்தம் அறிவோராகவும் வருகிறார்களேயன்றி, மாறும் உடல் கொண்டவர்களாக வருவதில்லை. தொடக்கத்திற்குப் 'பூப்பு' என்ற அழகிய சொல்லைத் தந்த மொழியில், முடிவுக்கு வழங்குவதெல்லாம் 'நின்றுவிட்டது' என்ற வினைமுற்றுதான். 'மாதவிடாய் நிறுத்தம்' என்ற இன்றைய மருத்துவச் சொல்லும் அதே நிற்றலைத்தான் சொல்கிறது.

மருத்துவர்கள் இதைக் கண்டனர். பன்னிரண்டில் தொடங்கி ஐம்பதில் அடங்கும் என்றது சுசுருத சங்கிதை. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் என்றார் அரிஸ்டாட்டில். ஆயினும் இதற்கு ஒரு தனிப் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் த கார்தான். 1821இல் 'மெனோபாஸ்' என்ற வடிவத்தை நிலைபெறச் செய்தார். பெயர் வந்ததும் நோய் என்ற எண்ணமும் உடன் வந்தது. 1942இல் சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், இப்பருவம் ஒரு குறைபாட்டு நோய் என்றும் மாத்திரையே இளமை என்றும் நூலெழுதிப் புகழ்பெற்றார். ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்டால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வாய்ப்பு கூடுமென்று 1975இல் ஆய்வுகள் கூறின. 2002இல், பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய் முதலிய அபாயங்களைக் கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. உலகமே மாத்திரையைக் கைவிட்டது. அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதும், ஐம்பதில் தொடங்குவோர்க்கு அதே அபாயக் கணக்கு பொருந்தாதென்பதும் பின்னரே உறைத்தன. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து ஆணையம் அம்மருந்துகளின் மேலிருந்த கடும் எச்சரிக்கையை நீக்க முடிவு செய்தது.

இந்த வாதமெல்லாம் கடல்கடந்து நடந்துகொண்டிருக்க, நம் கரிசல் மண்ணில் நடந்தது வேறொரு வரலாறு. கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923வாக்கில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பட்டாசும் அச்சுத்தொழிலும் பின்தொடர்ந்தன. மழை பொய்த்த காட்டில் இத்தொழில்கள் சோறிட்டன என்பதை மறுப்பதற்கில்லை. அதே வேளையில் 'தீப்பெட்டி ஆபீசுக்கு' விடியுமுன் வண்டியேறியவர்களுள் சிறுமியர் மிகப் பலர். ஸ்மிது கோத்தாரி 1983இல் அவர்களைப் பற்றி எழுதினார். 1990இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் வந்தது. பூமணி 'கருவேலம் பூக்கள்' எடுத்தார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தை உழைப்பு படிப்படியாகக் குறைந்தது. நாமும் நிம்மதியுடன் பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1983இல் பத்து வயதில் சட்டத்தில் குச்சி அடுக்கிய சிறுமிக்கு 2023இல் ஐம்பது வயது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது சுமார் 46, 47 என்பர். ஆக, நாம் படத்திலும் கட்டுரையிலும் கண்டு கண்கலங்கிய அதே தலைமுறைதான் இன்று இப்பருவத்தைக் கடக்கிறது. குழந்தையாக இருந்தபோது அவளை எண்ணினோம். ஐம்பதில் அவளை எண்ணுவார் யார்?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களையே கேள்வி கேட்கிறது. பாட்டியல் நாற்பதில் நிறுத்தியதை நவீனப் புள்ளியியல் ஒன்பது ஆண்டு நீட்டியது, அவ்வளவே! 2017-18இல் தொடங்கிய முதுமை ஆய்வு 45 வயதுக்கு மேற்பட்டோரை எடுத்துக்கொண்டது சற்று ஆறுதல். 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும் பிள்ளைப்பேற்றை அறிந்திருந்தன. அதற்குப் பிந்தைய பருவத்துக்கென அவற்றில் தனிப் பிரிவில்லை.

பட்டாசு ஆபீசில் இப்பருவம் எப்படி வரும் என்று எண்ணிப் பாருங்கள். மருந்தைக் கையாளும் அறைகளில் மின்விசிறிக்கு இடமில்லை. ஒரு பொறி போதும், அறையே மிஞ்சாது. வெளியே சித்திரை வெயில். உள்ளே சரம் பின்னிக்கொண்டிருப்பவளுக்குத் திடீரென நெஞ்சிலிருந்து முகம் வரை காந்தலெடுக்கும், குப்பென்று வியர்க்கும், சில நிமிடங்களில் அடங்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் உடல்வெப்பத்தை ஆளும் பகுதி சிறு மாற்றத்துக்கும் பதறுவதால் விளைவது இது. இரவிலும் அதுவே வந்து உறக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் விரல்கள் ஓடா. எண்ணிக்கைக்குக் கூலி என்ற ஏற்பாட்டில் ஓடாத விரலுக்கு விடுப்பு இல்லை, கூலிதான் குறையும். ஓரிரு மாதத் தொல்லையும் அன்று. அமெரிக்கப் பெண்களை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வொன்று, அடிக்கடி வெப்பத் தாக்கம் உடையோரில் பாதிப்பேருக்கு அது ஏழாண்டுக்கும் மேல் நீடித்ததாக 2015இல் கூறியது.

எண்ணப்படாத பருவத்தில் பிறர் முடிவெடுப்பது எளிது. மகாராட்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் இளவயதிலேயே கருப்பையை இழந்திருந்தது 2019இல் வெளிப்பட்டது. மாதவிடாய் நாளில் வேலை தடைப்படும் என்பதும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க 2022இல் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதைச் செயற்படுத்துமாறு மாநிலங்களைப் பணித்தது. சினைப்பைகளையும் சேர்த்து அகற்றினால் ஒரே நாளில் இப்பருவம் வந்துவிடும். எலும்பும் இதயமும் முன்கூட்டியே பாதுகாப்பிழக்கும். 'இனி எதற்கு இது' என்று கேட்போர் இதை அறிதல் வேண்டும்.

அறிய வேண்டியவை வேறு சிலவும் உண்டு. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராதிருந்தாலே நின்றதாகக் கொள்வர். அதன்பின் ஒரு துளி உதிரம் கண்டாலும் 'மறுபடி வந்துவிட்டது' என்று சும்மா இராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்; அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். நாற்பதுக்கு முன்னரே நின்றாலும் காரணம் அறிய வேண்டும். துன்பம் மிகுந்தோர்க்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. அது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை மருத்துவரே ஆராய்ந்து கூற இயலும். கேழ்வரகும் எள்ளும் நடையும் எலும்புக்குத் துணை. எல்லாவற்றுக்கும் முன்பாக, தனக்கு நேர்வது இன்னதென்று அவள் அறிந்திருப்பதே பாதித் துயரைக் குறைக்கும்.

பெண்ணுடல் ஏன் இவ்வளவு முன்னதாகக் கருத்தரிப்பை நிறுத்துகிறது என்ற வினாவுக்கு 1957இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு விடை சொன்னார்: பிற்காலத்தில் புதிதாகப் பெறுவதைவிடப் பெற்றவற்றைக் காப்பதே இனத்துக்கு நன்மை. டான்சானியாவின் ஹட்சா மக்களிடையே பாட்டிமார் கிழங்கு அகழ்ந்து பேரக் குழந்தைகளைக் காப்பதைக் கண்ட கிறிஸ்டன் ஹாக்ஸ், அதைப் 'பாட்டிக் கருதுகோளாக' விரித்தார். இது உண்மையாயின், பேரிளம்பெண்ணுக்கு அப்பாலுள்ள அப்பெண்ணே மனித குலத்தைத் தாங்கிய தூண்.

கரிசல் சிற்றூர்களுக்கு இது புதிய செய்தியன்று. மகள் ஆபீசுக்குப் போன வீட்டில் பேரப்பிள்ளையை மடியில் கிடத்தியபடி பெட்டி ஒட்டும் கைகளை அங்கே காணலாம். அக்கைகள் நாற்பதாண்டுகளாக ஓய்ந்ததில்லை. எட்டாவதாக ஒரு பருவத்தை வகுத்து அதற்கொரு பெயரிடப் புலவர்கள் இனி வருவார்களோ, அறியோம். அதுவரை அப்பெண்ணிடம் 'உடம்பு எப்படி இருக்கிறது அம்மா?' என்று கேட்கவேனும் நாம் பழகுவோம்.