குடிநோய் ஆலோசகரின் தகுதி: பட்டமா, மேற்பார்வையில் பெற்ற பயிற்சியா?

குடிநோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை தரும் மையம் இந்தியாவில் பதிவு பெற்றாக வேண்டும். அந்த மையத்தில் நோயாளியோடும் அவர் குடும்பத்தோடும் அன்றாடம் பேசுகிற ஆலோசகருக்கோ குடிநோய்ப் பணிக்கெனத் தனிப் பதிவும் இல்லை, உரிமமும் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. மருத்துவ உளவியலாளர் முதுகலைக்குப் பிறகு, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். படித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவ உளவியலில் அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்றிருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். மனநலச் சமூகப் பணியாளருக்கும் செவிலியருக்கும் தகுதி வகுத்திருக்கிறது. ஆலோசகருக்கு அதில் இடமே இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் கேள்வி. பட்டத்தைவிட மேற்பார்வையில் பெற்ற பயிற்சியே உரிமத்தின் அடிப்படையாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆலோசகரின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்குச் சித்தம் கலங்கும். போர்வையில் இல்லாத பூச்சிகளைப் பொறுக்குவார். யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பேசுவார். உடல் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். உடனே மருத்துவம் செய்யாவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை இது. இரவில் மருத்துவர் இல்லாத மையத்தில் இதை முதலில் பார்ப்பவர் ஆலோசகரே. இதை அவர் நடிப்பென்றும் திமிரென்றும் எண்ணி அறையைப் பூட்டினால் என்ன ஆகும்? மருந்து தருவது அவர் வேலையல்ல. எப்போது ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பது அவர் வேலை.

நெருக்கடி தீர்ந்தபின் வருவது இன்னொரு வகைத் திறன். “நான் நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்” என்று ஒருவர் சொல்லும்போது ஆலோசகர் எதிர்த்து வாதாடினால் அவர் மேலும் முறுக்கிக்கொள்வார். அவர் பேச்சிலேயே மாற்றத்துக்கான விருப்பத்தைக் கண்டுபிடித்து வளர்க்கும் முறையை வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்தார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கினார். புத்தகத்தில் படித்து மட்டும் இது கைவராது. தான் பேசியதை அனுபவம் மிக்க ஒருவர் கேட்டுத் திருத்த வேண்டும், அதுவும் பலமுறை. உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர் ஒரு குடிநோயாளியைக்கூடச் சந்திக்காமலேயே படிப்பை முடித்துவிட முடியும்.

குடியிலிருந்து மீண்டவரே சிறந்த ஆலோசகர், அவருக்குப் படிப்பெதற்கு என்ற வாதமும் உண்டு. அதற்கு வரலாற்று வலிமை இருக்கிறது. 1950களில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வில்மார் அரசு மருத்துவமனை மீண்டவர்களையே ஆலோசகர்களாக அமர்த்திப் பெரும் மாற்றத்தைத் தொடங்கியது. ஆனால் தன் மீட்சியின் வழியையே எல்லோருக்கும் உரிய வழியாகத் திணிக்கும் ஆபத்தும் அதே அனுபவத்தில் இருக்கிறது. இன்று அதே மின்னசோட்டா இளங்கலைப் பட்டம், 270 மணிநேரப் பாடம், 880 மணிநேரக் களப்பயிற்சி ஆகியவற்றைக் கேட்கிறது. நியூயார்க் வேறு வழியில் சென்றது. பள்ளிப் படிப்பை முடித்தவரும் அங்கே 350 மணிநேரக் கல்வியும் 6,000 மணிநேரப் பணி அனுபவமும் பெற்றுத் தேர்வெழுதிச் சான்று பெறும் பாதை அமைந்தது. உரிய பட்டம் பெற்றவருக்கு அனுபவ மணிநேரம் குறையும். நமக்குப் பொருந்துவது இந்த இரண்டாம் வழி.

அதற்குக் காரணம் இங்குள்ள பற்றாக்குறை. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுச் சார்பு உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். எம்.ஃபில். அளவுக்குச் சுவர் எழுப்பினால் சிறுநகர மையங்களில் ஆளே இருக்காது. அதற்காக வாசலைத் திறந்துபோட்டுவிடவும் கூடாது. தகுதியற்றவரிடம் சிக்குவது பெரும்பாலும் பணமில்லாத குடும்பம்தான்.

பயிற்சி தரும் ஆற்றல் நம்மிடம் இல்லாமலில்லை. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், சிகிச்சையோடு ஆலோசகர் பயிற்சியும் அளித்துவருகிறது. ஆனால் அத்தகைய பயிற்சியை முடித்தவரும் முடிக்காதவரும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே.

2021ஆம் ஆண்டின் தேசிய இணைநிலை, நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் தன் அட்டவணையில் சேர்த்து, இத்தொழிலர்களைப் பதிவுசெய்ய மாநிலந்தோறும் ஒரு தொழில் பேரவை அமைக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டின் தொழில் பேரவை குடிநோய் ஆலோசகருக்கெனத் தனிப் பதிவேடு திறக்க வேண்டும். குறைந்தது 300 மணிநேர வகுப்பும், ஈராண்டு மேற்பார்வைப் பணியும், எழுத்துத் தேர்வோடு நேர்முகப் பேச்சுத் திறன் தேர்வும் அதற்கு நிபந்தனையாகட்டும். இப்போது பணியில் இருப்போருக்கு மூன்றாண்டு அவகாசம் தரலாம். தேர்வு தமிழில் நடக்க வேண்டும், ஏனென்றால் நோயாளி பேசுவது தமிழில்.